பைனுக்கு வைரம் ஊட்டுதல்: சண்டிலிப்பாய் வீடொன்றின் மரவேலைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 ஆம் ஆண்டின் கார்த்திகை மழை ஓய்ந்த பின்னர், சண்டிலிப்பாயில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமது வீட்டு மரவேலைகளை வந்து பார்க்கும்படி என்னை அழைத்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான்; எனக்கும் அப்படியே. முன் விறாந்தையில் கதிரையை இழுத்துப் போடும்போதே, "தம்பி, புத்தக அலுமாரிக்குள்ள ஒவ்வொரு நாளும் ஆரோ குறுமணல் கொண்டுவந்து கொட்டுற மாதிரிக் கிடக்குது" என்றார். துடைத்தால் மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே அளவு மணல் இருக்குமாம். மண்ணெண்ணெய் பூசிப் பார்த்திருக்கிறார். கராச்சில் வாங்கிய கழிவு ஒயிலும் பூசிப் பார்த்திருக்கிறார். அலுமாரி நாறியதைத் தவிர வேறு மாற்றம் ஏதும் ஏற்படவில்லை.

கட்டட மேற்பார்வையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவரும் எனக்கு, இந்த வீடு ஒரே இடத்தில் பல பாடங்களை வைத்திருந்தது. வீட்டின் பழைய பகுதி ரீச்சரின் பேரனார் காலத்தது. பனை வளையும் பனங்கைமரமும் பனஞ்சிலாகையும் போட்டு ஓடு வேய்ந்த கூரை அது. அதனோடு ஒட்டி 2019 இல் கட்டப்பட்ட புதிய மண்டபத்தில் மரவேலை முழுவதும் பைன். கூரைத் தகட்டின் கீழே பைன் பலகைச் சீலிங், தெற்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் பைன் சட்டத்தில் இரண்டு சன்னல்கள், உட்சுவரோரம் ஐந்து தட்டுள்ள புத்தக அலுமாரி. பழைய கூரையில் ஓடு மாற்றியதைத் தவிர மரத்தில் எவரும் கை வைத்ததில்லை. ஐந்தே வயதான புதிய மண்டபம் உதிரத் தொடங்கியிருந்தது.

சீலிங்கில் 64 பலகைகள் இருந்தன. ஒவ்வொன்றும் 100 மில்லிமீற்றர் அகலமும் 12 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டு, ஒன்றின் நாக்கு மற்றதன் பள்ளத்தில் இறங்கும்படி சீவப்பட்டவை. ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தபோது 9 பலகைகள் பொத்தல் ஒலி தந்தன. அலுமாரியில் மூன்று தட்டுகள் உள்ளே வெறுமையாகியிருந்தன. பெருவிரலால் அழுத்தியதும் மேற்தோல் அப்பளம் போல நொறுங்கி விரல் உள்ளே போனது. அங்கே கிடந்த "மணலை" வெள்ளைத் தாளில் கொட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். கசகசாவிலும் சிறிய மணிகள் அவை. ஒவ்வொன்றுக்கும் நீளவாக்கில் ஆறு பக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆறு பக்க மணி கண்டால் அது உலர்மரக் கறையானின் எச்சம் என்பதில் ஐயமில்லை. உளு வண்டு பிடித்த மரத்திலிருந்து மா போன்ற தூள் கொட்டும். அந்த வகை வண்டு அகன்ற இலை மரங்களையே நாடும், பைனைத் தொடாது. ரீச்சரின் வீட்டுக்கு முன்னர் வந்தவர்கள் இதை உளு என்று சொல்லிப் போயிருந்தார்கள். பெயர் பிழைத்ததால் மருந்தும் பிழைத்தது.

சன்னல்களின் கதை வேறு. மேற்குச் சன்னலின் கீழ்க்கட்டை கபில நிறமாகி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சிறு சிறு கட்டிகளாக உடைந்துகொண்டிருந்தது. ஊசியிலை மரங்களில் கபில உக்கல் பூஞ்சை விட்டுச்செல்லும் அடையாளம் அது. தெற்குச் சன்னலில் உக்கலோடு மண்கறையானும் சேர்ந்திருந்தது; அத்திவாரத்திலிருந்து சுவர் வழியே பென்சில் தடிப்பில் ஒரு மண்குழாய் ஏறிச் சட்டத்தின் மூலைக்குள் போய் மறைந்தது. ஈரமானியை வைத்தபோது மேற்குச் சன்னற் கட்டை 27 சதவீதம் காட்டியது. சீலிங்கும் அலுமாரியும் 15 சதவீதம் காட்டின.

இந்த இரண்டு எண்களும் இந்த ஆய்வின் திறவுகோல். காற்றின் சாரீரப்பதன் 80 சதவீத அளவில் நிற்கும்போது மரம் ஏறக்குறைய 16 சதவீத நீரில் அமைதிகொள்ளும். ஆகவே சீலிங்கும் அலுமாரியும் எமது காற்றுக்கு உரிய இயல்பான நிலையில்தான் இருந்தன. அவற்றில் ஒழுக்கு இல்லை, கசிவு இல்லை. பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் நீர் வேண்டும் என்பதால் அங்கே உக்கல் தொடங்கவில்லை. ஆனால் உலர்மரக் கறையானுக்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். இறக்கை முளைத்த சோடி ஒன்று பறந்துவந்து ஒரு வெடிப்புக்குள் புகுந்தால் போதும், குடும்பம் முழுவதும் அந்தப் பலகைக்குள்ளேயே உண்டு உறங்கிப் பெருகும். "மரத்தை நனைய விடாமல் வைத்திருந்தால் ஒன்றும் வராது" என்று நாம் வழமையாகச் சொல்லும் அறிவுரை சன்னலுக்குப் பொருந்தும், அலுமாரிக்குப் பொருந்தாது.

இனி அந்த மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சீலிங் பலகைக் கட்டின் அட்டை ரீச்சரின் களஞ்சிய அறையில் பத்திரமாக இருந்தது. அதன்படி அது நியூசிலாந்தில் விளைந்த ரேடியாற்றா பைன். "பைன்" என்ற ஒரு சொல்லுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கும். மரக்காலையில் எவரும் எந்தப் பைன் என்று கேட்பதில்லை, சொல்வதுமில்லை. மலையகத்தில் கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளிலும் புல்மலைகளிலும் நாம் காணும் பைன் பெரும்பாலும் கரிபியன் பைன். அதன் பிறப்பிடம் கியூபா, பகாமாஸ், மத்திய அமெரிக்கா. அதன் பட்டையைக் கீறிப் பால் வடிக்கிறார்கள். அந்தப் பாலைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் எண்ணெயும் றொசினும் பிரியும். எங்கள் கோயில்களில் வயலின் வாசிப்பவர்கள் வில்லுக்குத் தேய்க்கும் கட்டி இந்த றொசின்தான். ரேடியாற்றாவின் பெருமை பாலில் இல்லை, பலகையில்.

அதன் சொந்த ஊர் மிகச் சிறியது. கலிபோர்னியாக் கரையில் அன்யோ நுவேவோ, மொன்டெரே, கம்பிரியா என்ற மூன்று துண்டுகளிலும், மெக்சிக்கோவுக்கு உரிய குவாடலூப், செட்ரோஸ் என்ற இரண்டு தீவுகளிலும் மட்டுமே அது தானாக வளர்கிறது. குவாடலூப் தீவில் மனிதர் கொண்டுவந்து விட்ட ஆடுகள் கன்று ஒன்றையும் எழும்ப விடாமல் மேய்ந்ததால், இருநூறு சொச்சம் முதிய மரங்களே மிஞ்சும் நிலை வந்தது; ஆடுகளை அகற்றிய பின்னரே கன்றுகள் மீண்டன. சொந்த மண்ணில் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்ட இதே மரம், உலகத் தோட்டங்களில் ஏறக்குறைய 40 இலட்சம் ஹெக்டயரில் நிற்கிறது. நியூசிலாந்தின் நடுகைக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு ரேடியாற்றா. சிலி, அவுஸ்திரேலியா, ஸ்பெயின் ஆகிய நாடுகளிலும் பெருமளவில் உண்டு. நியூசிலாந்தில் 1850களில் சென்றிறங்கிய விதை, 1920களிலும் 30களிலும் பெருந்தோட்டமாகி, இன்று அந்த நாட்டின் வீடுகளுக்குச் சட்டமாகவும், ஒட்டுப்பலகையாகவும், நார்ப்பலகையாகவும், கடதாசிக் கூழாகவும், மின்கம்பமாகவும், பொதி ஏற்றும் தட்டமாகவும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த மரத்தைத் தோட்டக்காரர் விரும்புவதற்குக் காரணம் வேகம். 25 முதல் 30 ஆண்டுகளில் அது வெட்டுக்கு வந்துவிடும். அதே வேகந்தான் அதன் பலவீனத்துக்கும் காரணம். மரத்தின் நடுக்குருத்தைச் சுற்றியுள்ள முதற் பத்து வளையங்கள் அகலமாகவும் மென்மையாகவும் இருக்கும். அங்கே நார்கள் நேராக ஓடாமல் திருகி ஓடுவதால், அந்தப் பகுதியிலிருந்து அறுத்த பலகை காய்கையில் முறுக்கிக்கொள்ளும். ரீச்சரின் சீலிங்கில் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு கீழே தொங்கிய நான்கு பலகைகளின் வெட்டுமுகத்தைப் பார்த்தபோது, நான்கிலும் நடுக்குருத்துப் புள்ளி தெரிந்தது. கறையானுக்கும் அந்த முறுக்கலுக்கும் தொடர்பு இல்லை. மரக்காலையில் பலகையைத் திருப்பிப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் தச்சர்கள் மரம் தெரிவதில் இன்றும் கைதேர்ந்தவர்கள்; அந்தத் தேர்ச்சியே பைனில் அவர்களை வழுக்கிவிடுகிறது என்பது என் கருத்து. பழந்தமிழ் இலக்கணம் புறத்தே காழ், அதாவது வைரம், உடையதைப் புல் என்றும், அகத்தே காழ் உடையதை மரம் என்றும் வகுத்தது. பனையும் தென்னையும் முதல் வகை. வெளிப்புறம் கறுத்து வைரமேறி, உள்ளே சோறாக இருக்கும். வேம்பும் தேக்கும் பாலையும் இரண்டாம் வகை. வெண்மரத்தைச் சீவி எறிந்துவிட்டு உள்வைரத்தை எடுப்போம். ஒரு யாழ்ப்பாணத்துத் தச்சரின் கைக்குப் பழகியிருப்பவை இந்த இரண்டு கணக்குகளே. ரேடியாற்றாவோ இரண்டிலும் சேராது. அதன் உள்மரம் மங்கிய கபில நிறம் கொண்டிருந்தாலும் வைரமன்று. கறையானையும் உக்கலையும் அது தாங்காது, மருந்தையும் எளிதில் உள்ளே விடாது. முப்பது வயது மரத்தில் பெரும்பகுதியாக இருக்கும் வெளிறிய வெண்மரமும் தன்னளவில் தாங்காது. ஆனால் அது மருந்தைக் கடற்பஞ்சு போல உறிஞ்சும். உறிஞ்சுகிற அந்தக் குணத்தினால்தான் இம்மரம் உலகச் சந்தையில் நிலைத்து நிற்கிறது. இந்த மண்டபத்தின் மரவேலையைச் செய்த தச்சர், பழக்கத்தின்படி, நிறம் மாறிய உள்மரத்தை "வைரம்" என்று எண்ணிச் சன்னலுக்கு ஒதுக்கினார். வெளிறியதைச் சீலிங்குக்கு விட்டார். அந்தத் தச்சர் நேர்மையானவர், கைத்திறனும் உள்ளவர். அவரையும் கூட்டிக்கொண்டுபோய் வெட்டுமுகத்தைக் காட்டினேன். நெடுநேரம் உளியால் கீறிப் பார்த்துவிட்டு, "அப்ப இதுக்கு வைரம் நாங்கள்தான் ஊட்டோணும் போல, தம்பி" என்றார். இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

வைரம் ஊட்டுவது என்பது விளைந்த நாட்டில் வகுத்த முறையாக உள்ளது. நியூசிலாந்தில் மரம் எங்கே பயன்படப்போகிறது என்பதைப் பொறுத்து ஆபத்து வகுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளன. சுவருக்குள் மறைந்து நிற்கும் சட்டத்துக்கு வெங்காரம் போன்ற போறன் உப்பு ஏற்றி, இளஞ்சிவப்புச் சாயம் சேர்த்து விற்கிறார்கள். மழை படும் வேலைக்கும் மண்ணில் புதையும் கட்டைக்கும் செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகியவை சேர்ந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றுவது நெடுங்கால வழக்கம். அந்த மரம் பச்சை ஓடியிருக்கும். அந்த நாடே ஒருமுறை இந்தப் படிப்பினையைத் தவறவிட்டது. 1990களில், சூளையில் உலர்த்தினால் போதும், மருந்து வேண்டாம் என்று சுவர்ச்சட்டங்களுக்கு விலக்கு அளித்தார்கள். மழை நீர் சுவருக்குள் கசிந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளுக்குள் உக்கின. 2004 இல் மருந்தேற்றிய சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அந்த மரத்தை வளர்த்தவர்களுக்கே நேர்ந்த பிழை அது. நாங்கள் அறியாமல் செய்தது மன்னிக்கத்தக்கது. அறிந்த பின்னும் செய்வது அவ்வாறன்று.

அலுமாரி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது பொதித் தட்டங்களைக் கழற்றிச் செய்தது. தட்டு ஒன்றின் பின்புறத்தில், சீவுளி படாத இடத்தில், கோதுமைக் கதிர் பொறித்த முத்திரையும், நியூசிலாந்தின் நாட்டுக் குறியீடும், "எச்.ரி." என்ற எழுத்துகளும் கருகிய நிறத்தில் இருந்தன. விற்றவர் அந்த முத்திரையைக் காட்டி, "இது மருந்தடிச்ச பலகை, செல்லே பிடிக்காது" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் எவரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அந்த முத்திரை சர்வதேச தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 15 ஆம் இலக்க நியமத்துக்கு உரியது. மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் தொடர்ச்சியாக 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்பதே அதன் பொருள். ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குக் கப்பல் ஏறாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. சூடேற்றிய அன்றைக்கு உள்ளே இருந்த உயிர் சாகும்; மறுநாள் வரும் பூச்சியைத் தடுக்க மரத்தில் எதுவும் எஞ்சியிராது. எழுத்து "எம்.பி." என்று இருந்தால் அது மெதையில் புரோமைட்டு வாயு ஊட்டிய மரம்; அதையும் வீட்டுத் தளபாடத்துக்கு எடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

மருந்து உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க எனக்கு மனம் வரவில்லை. போறன் மருந்தைச் சோதிக்க மரத்தொழிலில் வழங்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய முதற்பொருள் ரீச்சரின் குசினியிலேயே இருந்தது. மஞ்சள் தூளை மதுசாரத்தில் ஊறவைத்து வடித்து, புதிதாக வெட்டிய பலகை முனையில் தடவினேன். காய்ந்ததும், சலிசிலிக்கமிலம் கரைத்த ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தை, ஆய்வுகூடத்தில் பழகிய நண்பர் ஒருவரின் உதவியோடு, கையுறை போட்டுக்கொண்டு அதன்மேல் தடவினோம். போறன் இருந்தால் மஞ்சள் சில நிமிடங்களில் குங்குமச் சிவப்பாக மாறும். சீலிங் பலகை, சன்னற் சட்டம், அலுமாரித் தட்டு மூன்றும் மஞ்சளாகவே இருந்தன. பச்சை ஓட்டமும் எதிலும் இல்லை. மூன்றும் மருந்தேறாத வெறும் பைன். தேவையற்ற ஐயம் அத்தோடு தீர்ந்தது.

திருத்த வேலை தை மாதத்தில் தொடங்கியது. சீலிங்கில் கறையான் பிடித்த 9 பலகைகளையும், அவற்றுக்குப் பக்கத்தே நின்ற 6 பலகைகளையும், முறுக்கிய நான்கையும் கழற்றினோம். நல்ல பலகைகளின் பின்புறமும் நாக்கும் பள்ளமும் உட்பட எல்லா முகத்துக்கும் வெங்காரமும் போரிக்கமிலமும் கலந்த கரைசலை இரண்டு தரம் தூரிகையால் பூசினோம். பொற்கொல்லர் பற்றுவைக்கப் பயன்படுத்தும் அதே வெங்காரந்தான். காய்ந்த மரத்தில் தூரிகைப் பூச்சு ஆழமாக இறங்காது என்பதை ரீச்சரிடம் ஒளிக்காமல் சொன்னேன். முழுச் சீலிங்கையும் கழற்றி எறிவதா, இதைச் செய்து கண்காணிப்பதா என்ற தெரிவை அவரிடமே விட்டேன். அவர் இரண்டாவதை எடுத்தார். அலுமாரியை முழுவதுமாக அப்புறப்படுத்தினோம். சன்னல்களுக்குப் பைன் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். போறன் நீரில் கரைந்து வெளியேறும். மழை அடிக்கும் சுவரில் அது நிலைக்காது. அவரது வளவிலேயே விழுந்து இரண்டு ஆண்டாகக் காய்ந்திருந்த வேம்பு சன்னற் சட்டமாயிற்று. தெற்குச் சுவரின் அடியில் மண்குழாய் வந்த வழியைத் தோண்டி, கொங்கிரீற்றின் வெடிப்பை அடைத்து, மண்ணுக்கு மருந்து இட்டோம்.

கழற்றிய பைன் துண்டுகளை என்ன செய்வது என்று கேட்டபோது, இவை மருந்தேறாதவை, ஒயில் படாத துண்டுகளை அடுப்பில் எரிக்கலாம் என்றேன். ஆனால் இதே கேள்வி பச்சை ஓடிய பைனைப் பற்றி வந்தால் விடை வேறு. அதில் ஆசனிக்கு இருக்கிறது. அதை அடுப்பில் வைத்தால் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு தங்கும். அந்தச் சாம்பலைத்தான் நாம் பாத்திரம் மினுக்கவும் கத்தரிக்குத் தூவவும் எடுக்கிறோம். மாட்டுத் தொட்டிக்கும் கோழிக்கூட்டுக்கும் அது ஆகாது. மரக்காலையில் இதைச் சொல்லி விற்பவர் ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை. இது எனக்கு மெய்யாகவே கவலை தரும் விடயம்.

இவ்வளவும் எழுதியதனால் பைனை ஒதுக்கவேண்டும் என்று நான் கருதுவதாக எவரும் கொள்ளவேண்டாம். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகளின் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை போதாது. உயிரோடு நிற்பதைத் தறிக்க அனுமதி வேண்டும், வேண்டியதும் நியாயமே. தேக்கும் முதிரையும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. 12 சதவீத ஈரத்தில் ஒரு கனமீற்றர் ரேடியாற்றா ஏறக்குறைய 500 கிலோகிராம்; தேக்கு ஏறக்குறைய 650. எடை குறைவு, சீவுளிக்கு இணக்கம், பசைக்கும் திருகாணிக்கும் பிடி நல்லது, சாயம் நன்றாக ஏறும். உள்வீட்டு அலுமாரி, கட்டில், பாடசாலை மேசை, உட்கதவுச் சட்டம் ஆகியவற்றுக்கு மருந்தேற்றிய பைன் மிக நல்ல மரம். தென்னிலங்கையில் றப்பர் மரத்தைப் போறன் ஏற்றித் தளபாடமாக்கி ஏற்றுமதியே செய்கிறார்கள். றப்பர் மரமும் தன்னளவில் கறையானுக்கு இரையாகும் மரந்தான்.

புதிய அலுமாரிக்கும் சீலிங்கின் 19 இடங்களுக்கும் பலகை வாங்க, தச்சரும் நானும் மஞ்சட் கரைசல் போத்தலையும் ஒரு கைவாளையும் எடுத்துக்கொண்டு மரக்காலைக்குப் போனோம். போறன் ஏற்றியது என்று சொல்லப்பட்ட கட்டிலிருந்து, உரிமையாளரின் சம்மதத்தோடு, ஒவ்வொரு பலகையிலும் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டிச் சோதித்தோம். முனையிலேயே சோதித்தால் மருந்து எப்போதும் ஆழமாக ஏறியதுபோலத் தோன்றும். பெரும்பாலான வெட்டுமுகங்கள் நடுவரை சிவந்தன. மூன்று பலகைகளில் ஓரம் மட்டும் நூல் போலச் சிவந்து, நடுவில் மஞ்சள் அப்படியே நின்றது. மூன்றிலும் நடுப்பகுதி கபில நிற உள்மரம். அந்த மூன்றையும் தச்சரே தூக்கித் தனியே வைத்தார். மரக்காலைக்காரர் சிவந்த துண்டையும் சிவக்காத துண்டையும் வாங்கிக் கல்லாப்பெட்டியின் மேல் பக்கத்தில் பக்கமாக வைத்துவிட்டு, அந்தக் கரைசல் எப்படிச் செய்வது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்.